என் வரிசையில் பூட்டாத வண்டிகள்

மாரிட்ஸ்பர்க்,
ஜூன் 4

அன்பு மருமகள் லாண்டிவேக்கு,

உன் வேலாபி மாமா எழுதுகிறேன். நீ என் போனை எடுப்பதை விட்டு வெகுகாலம் ஆகிறது. அதனால் ஜோபர்க் வேன் ஓட்டுநரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்து, உன் கையிலேயே சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். உன் பரிசப் பேச்சில் நடந்ததைப் பற்றி இங்கே ஒரு வார்த்தையும் எழுதப்போவதில்லை. மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போனது அவர்களுக்குத்தான் நஷ்டம் என்று மட்டும் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

உன் மாமன் இப்போது இந்த ஊரில் பெரிய ஆள். ஜகரண்டா வணிக வளாகத்தின் கார் நிறுத்துமிடத்தில் காவல்காரர்கள் பலர் இருந்தாலும், முதல் வரிசை என்னுடையது. பேக்கரி வாசலுக்கு நேர் எதிர். நகரத் தலைவரே வந்தாலும் என் கையசைப்பைப் பார்த்துத்தான் வண்டியை நிறுத்த வேண்டும். வந்திருக்கிறாரா என்று கேட்காதே. வந்தால் அப்படித்தான் நிறுத்த வேண்டும்.

இந்தக் குளிர்காலத்தில் எங்களுக்கு வந்த தொல்லை ஜாமர் கள்ளன். வண்டியை விட்டு இறங்குகிறவர் ரிமோட்டை அழுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கடைக்குள் போகிறார். அதே நேரத்தில் கள்ளன் எங்கேயோ நின்றுகொண்டு தன் கையிலிருக்கும் பொத்தானை அழுத்துகிறான். இவருடைய அலை போய்ச் சேர்வதில்லை, கதவு பூட்டுவதில்லை. அப்புறம் அவன் சொந்த வண்டியைத் திறப்பது போலத் திறந்து, இருப்பதை எடுத்துக்கொண்டு போகிறான். சட்டமெல்லாம் கடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டம் வந்து கார் நிறுத்துமிடத்தில் நிற்குமா? நான் நிற்கிறேன்.

ஒவ்வொருவரும் இறங்கும்போதே பக்கத்தில் போய் ஒட்டி நின்றுவிடுவேன். அவர் பூட்டியதும் கைப்பிடியை இழுத்துப் பார்ப்பேன். பூட்டியிருந்தால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவேன். பூட்டாவிட்டால் கூப்பிட்டுச் சொல்வேன், அவர் சாவியைப் போட்டுப் பூட்டுவார். என் வரிசையில் பூட்டாத வண்டிகளை நான் பிடித்த மாதிரி இந்த மாகாணத்திலேயே எவனும் பிடித்ததில்லை. ஒரு நாளைக்கு நூறு. நூறு இல்லாவிட்டாலும் இருபது முப்பதுக்குக் குறையாது. மற்ற வரிசைக்காரர்கள் ஒன்றுகூடப் பிடிப்பதில்லை. கண்ணை எங்கே வைத்திருக்கிறார்களோ.

இப்படி இருக்கையில் ட்லோமோ என்கிற டீச்சரம்மாவின் கைப்பை, என் வரிசையில் நின்ற அவருடைய வண்டிக்குள்ளிருந்து போய்விட்டது. நான் பேக்கரிக்குள் தேநீர் வாங்கப் போன நேரம். வெளியே வந்து சுற்றிலும் பார்த்தேன். கடைசி வரிசையில் நிற்கிற காங்கோக்காரன் கபோங்கோ கையில் என்னவோ வைத்து அமுக்கிக்கொண்டிருந்தான். முழ நீளத்துக்கு ஆன்டெனா. நுனியில் நீல விளக்கு. நான் சிங்கம் மாதிரி பாய்ந்தேன். மேனேஜர் ஃபூரீ போலீஸைக் கூப்பிட்டார். சார்ஜென்ட் குஸ்வாயோ அவன் பையைச் சோதித்தார், கருவி அகப்பட்டது. அவன் உள்ளே இருக்கிறான். என் வாக்குமூலம் மட்டும் மூன்று பக்கம். சார்ஜென்டுக்குக் கை வலித்திருக்கும்.

வழக்கில் நான்தான் முதல் சாட்சி. நீ சட்ட உதவி அலுவலகத்தில் இருப்பவள். கோர்ட்டில் நான் பேசுவதற்கு நல்ல கனமான சட்ட வார்த்தைகள் போட்டு ஒரு பேச்சு எழுதி அனுப்பு. நீதிபதி எழுந்து நின்று கேட்க வேண்டும்.

உன் தாய்மாமன்,
வேலாபி ஸோண்டி


ஜோபர்க்,
ஜூன் 12

மாமா,

கடிதம் கிடைத்தது. வேன் ஓட்டுநர் வரவேற்பறையில் நின்று, "சிங்கத்தோட மருமக யாரு?" என்று கேட்டிருக்கிறார். அலுவலகத்தில் இப்போது எனக்கு அதுதான் பெயர்.

பரிசப் பேச்சைப் பற்றி எழுதப்போவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் எழுதுகிறேன். நீதிபதிகளுக்கே சட்டம் சொல்லிக்கொடுக்கிறவள் என்று என்னைப் பற்றிச் சொன்னீர்கள். நான் கோப்பு எடுத்துக்கொடுக்கும் எழுத்தர். அவர்கள் விசாரித்தார்கள். எழுத்தர் என்பதற்காக அவர்கள் போகவில்லை. இவ்வளவு பெரிய பொய்யைக் கூசாமல் சொல்கிற வீட்டில் இன்னும் என்னென்ன பொய்யோ என்றுதான் போனார்கள். போனை எடுக்காததற்குக் காரணம் அது.

பேச்சு எழுதித் தர மாட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றியதை மட்டும் சொல்கிறேன்.

அலையை அடைக்கிற ஜாமரைச் சாதாரண ஆள் வைத்திருப்பதே குற்றம். அது ஒரு வகை. இன்னொரு வகை, வண்டி உடைக்கப் பயன்பட்டிருக்கலாம் என்று நியாயமான சந்தேகம் வருகிற எந்தப் பொருளும். அதை வைத்திருப்பவர் ஏன் வைத்திருக்கிறோம் என்று திருப்தியாகச் சொல்லியாக வேண்டும். சொல்ல முடியாவிட்டால் குற்றம். ஒரு சாதாரண ஸ்க்ரூ டிரைவர்கூட அப்படி மாட்டலாம். ஆகவே சந்தேகம் எங்கிருந்து வந்தது என்பதுதான் முக்கியம். இந்த வழக்கில் அது உங்கள் வாயிலிருந்து வந்திருக்கிறது.

கபோங்கோவின் பையில் போலீஸ் எடுத்தது என்ன? அதில் ஆன்டெனா இருந்ததா? முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைக்கு நடுவே எத்தனை வண்டிகள் நிற்கும், அங்கே ஒருவர் கையில் இருப்பது உங்கள் கண்ணுக்குத் தெரியுமா? தயவுசெய்து நீங்கள் பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

லாண்டிவே


மாரிட்ஸ்பர்க்,
ஜூன் 21

அன்பு மருமகளுக்கு,

கோபமாக எழுதினாலும் உன் எழுத்தில் என்ன ஓர் அழுத்தம். நீதிபதி என்று நான் சொன்னது கொஞ்சம் முன்கூட்டிச் சொன்னது, அவ்வளவுதான்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். ஆன்டெனா என்பது வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. வெயில் சில நேரம் பொருளை நீட்டிக் காட்டும். நீல விளக்கு அவனுக்குப் பின்னால் இருந்த மருந்துக்கடைப் பலகையாகவும் இருக்கலாம். போலீஸ் எடுத்தது ஒரு கேட் ரிமோட். தான் குடியிருக்கிற வீட்டின் வெளிக்கேட்டைத் திறக்கிற ரிமோட் என்று அவன் சொன்னானாம். பின்னே கள்ளன் வேறு என்ன சொல்வான்? இந்த ஊரில் பாதிக் கள்ளன்கள் கேட் ரிமோட்டை வைத்துத்தான் வேலை செய்கிறான்கள். கடையில் கிடைக்கிற சாமான், கேட்டுக்கும் காருக்கும் ஒரே அலை, அமுக்கிப் பிடித்தால் போதும். இது எனக்கே தெரியும், சார்ஜென்டுக்குத் தெரியாதா?

அவன் பெண்டாட்டி எஸ்பெரான்ஸ் என் வரிசைக்கு வந்தாள். வளாகத்துக்கு வெளியே மண்டாசி என்கிற இனிப்பு மாவுப் பலகாரம் பொரித்து விற்கிறவள். இடுப்பில் வாளியோடு வந்து நின்றாள். அவளுடைய ஜூலு பேச்சு அவனுடையதைவிடப் பரவாயில்லை. அவனுடைய அகதிச் சீட்டைப் புதுப்பிக்க வேண்டிய நாள் நெருங்குகிறதாம். உள்ளே இருந்தால் போக முடியாது, குற்றம் என்று தீர்ப்பானால் சீட்டே போய்விடலாமாம். நான் என்ன செய்ய முடியும் என்று சொன்னேன். அவள் அழவில்லை, கத்தவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

"பெரியப்பா, நீங்க உங்க கண்ணால பாத்தீங்களா?"

அன்றைக்குக் கூட்டம் அதிகம் என்று ஏதோ சொன்னேன். அந்த நேரம் பார்த்து ஒரு வண்டி வந்தது, கையசைக்க ஓடிவிட்டேன். இங்கே வேலை அப்படி.

ஆனால் நீ ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். கபோங்கோ தனி ஆள் இல்லை, அவனுக்குப் பின்னால் பெரிய கூட்டமே இருக்கிறது. அவன் உள்ளே போன பிறகும் என் வரிசையில் வண்டிகள் பூட்டவில்லை. நேற்றுகூடப் பன்னிரண்டு பிடித்தேன், இது கூட்டிச் சொல்லாத கணக்கு. என்மேல் அவர்களுக்கு அவ்வளவு ஆத்திரம், போகிற இடமெல்லாம் பின்தொடர்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் போதகரோடு பேசிக்கொண்டே அவர் வண்டி வரைக்கும் போனேன். அவர் வண்டியும் பூட்டவில்லை. அடுத்த தெருவில் என் சிநேகிதன் வீட்டுக்குப் போனேன், அவன் வண்டியும் பூட்டவில்லை. ஒரு சாதாரண காவல்காரனுக்காக யாராவது இவ்வளவு மெனக்கெடுவார்களா? யோசித்துப் பார்.

மற்றபடி நான் சுகம். நான் வாடகைக்கு இருக்கிற வீட்டின் கேட்டுக்குக்கூட என்மேல் மரியாதை வந்துவிட்டது. முன்பெல்லாம் ரிமோட்டை எடுத்து அமுக்க வேண்டும். இப்போது நான் தெருமுனையில் திரும்பினாலே தானாகத் திறக்கிறது. ரிமோட்டின் மூடி உடைந்துபோனதால், கறுப்பு டேப் போட்டுப் பச்சைப்பிள்ளைக்குத் துணி சுற்றுகிற மாதிரி இறுக்கிச் சுற்றிவைத்தேன். கம்பெனிக்காரன்கூட அப்படிச் செய்ய மாட்டான். பேட்டரிதான் நிற்பதில்லை. கடைக்காரன் பழைய சரக்கைத் தள்ளிவிடுகிறான்.

உன் மாமன்,
வேலாபி


ஜோபர்க்,
ஜூன் 29

மாமா,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள். பக்கத்தில் யாரும் இல்லாதபோது படியுங்கள்.

உங்கள் கடிதத்தை நான் இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சிரித்தேன். இரண்டாவது தடவை சிரிக்க முடியவில்லை.

உங்களிடம் ஒரு கேட் ரிமோட் இருக்கிறது. அதை டேப் போட்டு இறுக்கிச் சுற்றியிருக்கிறீர்கள். அந்த டேப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் நீங்கள் பக்கத்தில் வந்ததும் கேட் திறக்கிறது, அதனால்தான் பேட்டரி தீர்ந்துபோகிறது. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வண்டியைப் பூட்டப்போகிற ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் ஒட்டி நிற்கிறீர்கள். மற்ற வரிசைக்காரர்கள் கண்ணை எங்கும் வைத்துவிடவில்லை. அவர்கள் வரிசையில் வண்டிகள் பூட்டுகின்றன. டீச்சரம்மாவின் வண்டியும் இப்படித்தான் பூட்டாமல் நின்றிருக்கும், வழியில் போன எவனோ கைப்பையை எடுத்திருப்பான்.

நம்ப வேண்டாம். ஒரு நாள் அதை அறையில் வைத்துவிட்டு வேலைக்குப் போங்கள். டேப்பைப் பிரிக்காதீர்கள், பேட்டரியைக் கழற்றாதீர்கள். சும்மா வைத்துவிட்டுப் போங்கள்.

கபோங்கோ தன் ரிமோட்டை ஏன் வைத்திருக்கிறேன் என்று சொன்னது உண்மையாகவே இருக்கலாம். வேறு எந்தச் சாட்சியும் இல்லாவிட்டால் அந்தக் காரணம் போதும், அவரை விட்டிருப்பார்கள். ஆனால் அவர் திரும்பத் திரும்ப அமுக்கியதைப் பார்த்ததாக நீங்கள் சத்தியம் செய்து மூன்று பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். அதற்கு முன்னால் அவர் சொல்வது எடுபடவில்லை.

நான் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் எழுதவில்லை. அவர் அமுக்கியதைப் பார்த்தீர்களா?

லாண்டிவே


மாரிட்ஸ்பர்க்,
ஜூலை 6

லாண்டிவே,

பெரிய படிப்புப் படித்தால் தாய்மாமனையே கள்ளனாக்கலாம் போலிருக்கிறது. உன் அம்மா இருந்திருந்தால் இப்படி எழுத விட்டிருக்க மாட்டாள்.

ரிமோட்டை வைத்துவிட்டுப் போனேன். அன்றைக்கு எல்லா வண்டியும் பூட்டின. மறுநாள் எடுத்துக்கொண்டு போனேன். பேக்கரிக்காரர் வண்டி பூட்டவில்லை, அவர் என்னைப் பார்த்தார், நான் வானத்தைப் பார்த்தேன். தற்செயலாகவும் இருக்கலாம்.

சரி, அப்படியே வைத்துக்கொள். நான் போய்ச் சொன்னால் என்ன நடக்கும்? கருவி என் பையில். பூட்டாத வண்டிகள் என் வரிசையில். டீச்சரம்மாவின் பை போனதும் என் வரிசையில். நீ சொன்ன அதே சட்டம்தானே எனக்கும்? டேப் சுற்றினேன் ஐயா, தெரியாமல் நடந்துவிட்டது என்றால் எந்த சார்ஜென்ட் நம்புவான்? எனக்கே கேட்கச் சிரிப்பு வருகிறது. சத்தியம் செய்து கொடுத்த மூன்று பக்கம் வேறு இருக்கிறது.

அவன் அமுக்கியதை நான் பார்க்கவில்லை. அவன் கை பைக்குள் இருந்தது. இதை நான் உனக்குத்தான் எழுதுகிறேன். கோர்ட்டுக்கு எழுதவில்லை.

ரிமோட்டை ஆற்றில் எறிந்துவிடப் போகிறேன். வண்டிகள் பூட்ட ஆரம்பித்தால் எல்லாரும் மறந்துவிடுவார்கள். கபோங்கோவையும் கொஞ்ச நாளில் விட்டுவிடுவார்கள்.

வேலாபி


ஜோபர்க்,
ஜூலை 9

மாமா,

எறியாதீர்கள். வேன் ஓட்டுநரிடம் இதை இன்றைக்கே சேர்க்கும்படி கெஞ்சியிருக்கிறேன்.

ரிமோட் ஆற்றுக்குப் போனால், வண்டிகள் பூட்டும். கபோங்கோ உள்ளே போனதால்தான் பூட்டுகின்றன என்று எல்லாரும் சொல்வார்கள். அதைக் காட்டித்தான் அவரைத் தண்டிப்பார்கள். உங்கள் சொல் தவறு என்று காட்டுவதற்கு இந்த உலகத்தில் இருக்கும் ஒரே பொருள் உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது.

போலீஸ் என்ன செய்யும் என்று என்னால் சொல்ல முடியாது. திட்டுவார்கள். பொய்ச் சத்தியத்துக்கு உங்கள் மேலேயே வழக்குப் போட்டாலும் போடலாம். ஒன்றும் ஆகாது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் நான் அப்படி எழுத மாட்டேன். உங்கள் ஊரில் எங்கள் அலுவலகக் கிளை இருக்கிறது. அங்கே பேசிவிட்டேன், ஓர் அம்மா உங்களோடு நிலையத்துக்கு வருவார். நான் வரப்போவதில்லை. நான் பக்கத்தில் இருந்தால் எனக்குக் காட்டுவதற்காக இன்னும் நாலு வார்த்தை சேர்ப்பீர்கள்.

மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போனபோது, நீங்கள் பின்னாலேயே போய், கூட்டிச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வரி சொல்வீர்கள் என்று வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் உட்கார்ந்து பீர் குடித்தீர்கள். அது என் கல்யாணம், போகட்டும். இது இன்னொருவருடைய வாழ்க்கை.

லாண்டிவே


மாரிட்ஸ்பர்க்,
ஜூலை 23

மருமகளுக்கு,

போனேன்.

நீ அனுப்பிய அம்மா குள்ளமாக இருந்தார், ஆனால் என்னைவிட வேகமாக நடந்தார். சார்ஜென்ட் குஸ்வாயோ என்னைப் பார்த்ததும் நாற்காலி போடச் சொன்னார். முதல் சாட்சி இல்லையா. நான் ரிமோட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. இதுவரை அவரிடம் நான் சொன்னதிலேயே இது ஒன்றுதான் சுத்தமான உண்மை, இதை மட்டும் அவர் நம்பவில்லை.

கடைசியில் ரிமோட்டை எடுத்துக்கொண்டு தன் வண்டியிடம் போனார். பூட்டிப் பார்த்தார். பூட்டவில்லை. என் கையில் கொடுத்து என்னைத் தெருவின் அந்தப் பக்கம் போகச் சொன்னார், பூட்டியது. திரும்ப வரச் சொன்னார், பூட்டவில்லை. உள்ளே இருந்த போலீஸ்காரர்களெல்லாம் வெளியே வந்து அவரவர் வண்டியை அமுக்கிப் பார்த்தார்கள். ஊரில் இருக்கிற போலீஸ் வண்டி ஒன்றும் பூட்டவில்லை. சரி, முற்றத்தில் நின்ற மூன்று வண்டி.

அப்புறம் அவர் உள்ளே போய்ப் புதுத் தாள் எடுத்தார். ஆன்டெனாவைப் பற்றிக் கேட்டார். இல்லை என்றேன். நீல விளக்கு? மருந்துக்கடை. பாய்ந்து பிடித்தது? நான் பாயவில்லை, மேனேஜரிடம் போய்ச் சொன்னேன், அவ்வளவுதான். பழைய மூன்று பக்கத்தில் ஒவ்வொன்றாக அவர் கோடு போட்டு அடித்துக்கொண்டே வந்தார். எனக்கு என்னவோ என் சட்டையை ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றுகிற மாதிரி இருந்தது.

"அவன் அமுக்குனத பாத்தியா, பாக்கலயா?"

"பாக்கல."

"பின்ன என்னதான்யா பாத்த?"

"ஒரு ஆளு பைக்குள்ள கைய விட்டுக்கிட்டு நின்னதப் பாத்தேன்."

அவ்வளவுதானா என்று கேட்டார். இன்னும் ஏதாவது சொல்லலாமே என்று நாக்கு துடித்தது. நீ அனுப்பிய அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் என்றேன். பாதிப் பக்கம்கூட வரவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

என்மேல் வழக்கு உண்டா இல்லையா என்பதை அரசு வக்கீல்தான் முடிவுசெய்வாராம். இன்னும் ஒன்றும் வரவில்லை. வாசலில் கார் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கிறேன். ரிமோட் அவர்களிடம் இருக்கிறது. கேட்டுக்கு வெளியே நின்று கத்தி, யாராவது வந்து திறந்துவிட்டால் உள்ளே போகிறேன்.

கபோங்கோவை அந்த வாரமே விட்டுவிட்டார்கள். சீட்டுப் புதுப்பிக்கும் நாளுக்கு டர்பன் போய் வந்துவிட்டான் என்று எஸ்பெரான்ஸ் என்னிடம் சொல்லவில்லை, பேக்கரிக்காரரிடம் சொன்னாள், அது என் காதில் விழுந்தது. டீச்சரம்மாவிடமும் போய்ச் சொன்னேன். அவர் இப்போது தன் வண்டிக் கைப்பிடியைத் தானே இழுத்துப் பார்த்துக்கொள்கிறார்.

மேனேஜர் ஃபூரீ காவல்காரர்கள் போடுகிற என் பச்சைச் சட்டையை வாங்கி வைத்துக்கொண்டார். நாலைந்து நாள் வெளியே மதிலோரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தார். முதல் வரிசை கபோங்கோவுக்கு, கடைசி வரிசை எனக்கு. அங்கே நிழலும் இல்லை, பேக்கரி வாசனையும் இல்லை. யாரோ எனக்காக அவரிடம் சொல்லியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சட்டை திரும்பக் கிடைத்திருக்காது. யார் என்று கேட்டேன். கபோங்கோ என்றார். கிழவன் திருடன் இல்லை, வாய்தான் பெரிசு என்று சொன்னானாம்.

இதைக் கேட்டதும் நான் மனதுக்குள் ஒரு பெரிய பேச்சுத் தயார் செய்தேன். உலகத்திலேயே யாரும் யாரிடமும் கேட்காத மன்னிப்பு. மறுநாள் காலை அவன் நேராக என் வரிசைக்கு வந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் கையை நீட்டினான்.

"பையில இருக்கறத எடுத்துக் காட்டுங்க, பெரியவரே."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டைப்பையைக் காலி செய்தேன். விசில், பொடி டப்பா, கொஞ்சம் சில்லறை, பாதி தின்ற ரொட்டி. உள்பையையும் வெளியே இழுத்துக் காட்டச் சொன்னான். காட்டினேன். அவன் விசிலை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு என் கையில் வைத்தான்.

என் பேச்சு அப்படியே நின்றுபோனது. மன்னிச்சிரு என்று மட்டும் வந்தது, அதுவும் சின்னதாக. அவனுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

"நாளைக்கும் பாப்பேன்," என்றான்.

பார் என்றேன்.

வேலாபி